ஓர்க் ஏன் மந்திரவாதி ஆகக் கூடாது?

பிறப்பால் வருவதுதான் திறமை என்ற கணக்கை ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் திருத்தி எழுதியது. அந்தத் திருத்தம் இன்று பாதியில் நிற்கிறது.

2020 நவம்பர் 17 அன்று அமெரிக்காவில் ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்றொரு புத்தகம் வெளியானது. கெட்டி அட்டை, 192 பக்கங்கள், விலை 49.95 டாலர். அட்டையில் ஒரு சூனியக்காரியும் அவளுடைய கொப்பரையும். கடையில் பார்ப்பவர்கள் மாயாஜால நாவல் என்றே நினைப்பார்கள். உள்ளே நாவல் கிடையாது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுக்கான கூடுதல் விதிகள்தான் பக்கத்துக்குப் பக்கம்.

அதன் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும் ஒரு விதி இருக்கிறது. கட்டாயமில்லை, விரும்பும் குழுக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையோடு வந்த விதி அது. புத்தகத்தில் மந்திரங்கள் இருந்தன, மாயப் பொருள்கள் இருந்தன, புதிர்கள் இருந்தன. வாதம் மூண்டதோ இந்த ஓரிரு பக்கங்களைச் சுற்றித்தான். விளையாட்டு விதிக்கு இவ்வளவு ஆவேசமா என்று தோன்றலாம். அந்த விதி எழுப்பிய கேள்வி அப்படிப்பட்டது: ஒருவர் எதில் கெட்டிக்காரர் என்பதை அவர் பிறந்த இனம் தீர்மானிக்க வேண்டுமா?

மேசை, பேச்சு, பகடை

நெட்ஃப்ளிக்ஸில் 2016-ல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடின் தொடக்கம் நினைவிருக்கும். வீட்டின் அடித்தளத்தில் நான்கு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டி, அலறுவார்கள். அவர்கள் ஆடுவது இந்த விளையாட்டைத்தான். சுருக்கமாக, டி அண்ட் டி.

ஆட்டத்தில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். ரசிகர்கள் டி.எம். என்பார்கள். உலகத்தைச் சொல்வதும், எதிர்ப்படும் அரக்கர்களையும் வழிப்போக்கர்களையும் பேசவைப்பதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். “கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று டி.எம். கேட்பார். ஒருவர் பூட்டை நோண்டலாம், ஒருவர் கதவை உடைக்கலாம், இன்னொருவர் தட்டிவிட்டு வணக்கம் சொல்லலாம். எதையும் செய்யலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். முடியுமா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 முகம் கொண்ட பகடை உருளும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, தேவையான இலக்கைத் தொட்டால் வெற்றி.

அந்தத் திறமை எண் எங்கிருந்து வருகிறது? வலிமை, சுறுசுறுப்பு, உடல்தாங்கு திறன், அறிவு, விவேகம், ஈர்ப்பு என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள். ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண்ணை ஆட்டம் தொடங்குமுன் கேரக்டர் ஷீட் என்ற பாத்திர விவரத்தாளில் எழுதும்போதுதான் பிறப்பு, அதாவது ஓர்க், எல்ஃப் போன்ற கற்பனை இனம், உள்ளே வருகிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ சொன்ன கணக்கு இது: பாதி ஓர்க்காகப் பிறந்தால் வலிமைக்கு 2, உடல்தாங்கு திறனுக்கு 1 கூட்டிக்கொள்ளலாம். உயர்குல எல்ஃப் என்றால் சுறுசுறுப்புக்கு 2, அறிவுக்கு 1. ஓர்க் என்றால் முரட்டுத் தேகம், எல்ஃப் என்றால் நுண்ணறிவு என்று மாயாஜால நாவலாசிரியர் டோல்கீன் காலத்திலிருந்து வாசகர்கள் பழகிய வார்ப்பு அப்படியே எண்ணாகிவிட்டது.

இப்போது ஒருவர் பாதி ஓர்க் மந்திரவாதியாக ஆட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மந்திரவாதிக்கு அறிவுதான் எல்லாம். பொதுவான விநியோகத்தில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைக்கும் ஆறு எண்கள் 15, 14, 13, 12, 10, 8. உயர்ந்த 15-ஐ அறிவுக்கே கொடுத்தாலும் பகடையோடு கூட்டக் கிடைப்பது 2. அதே 15-ஐ எல்ஃப் கொடுத்தால், பிறப்புச் சலுகை ஒன்று சேர்ந்து 16 ஆகிறது. கூட்டக் கிடைப்பது 3. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் 20 முகப் பகடையில் ஒன்று என்றால் 5 சதவீதம். எறியும் ஒவ்வொரு மந்திரத்திலும், படிக்கும் ஒவ்வொரு ஏட்டிலும் அந்த 5 சதவீதம் கூடவே வரும். முதல் நிலை எல்ஃப் ஒரு நாளைக்கு நான்கு மந்திரங்களை மனதில் ஏற்றி வைத்துக்கொள்ளும்போது, ஓர்க்குக்கு மூன்றுதான். தடை என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்த எவரும் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, “ஓர்க்கா? அப்படியென்றால் கோடாலி வீரனாகவே ஆடிவிடு” என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் அப்படியே ஆடினார்கள்.

டாஷா புத்தகத்தின் விதி செய்தது மிகச் சின்னக் காரியம். அந்த 2-ஐயும் 1-ஐயும் நீங்கள் விரும்பிய குணத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஓர்க் தன் 2-ஐ அறிவில் வைக்கலாம். இனத்தோடு சேர்ந்து வரும் மொழியையும், ஆயுதப் பயிற்சியையும் மாற்றிக்கொள்ளலாம். எந்த இனத்திலும் சேராத சொந்த வம்சாவளி ஒன்றையே உருவாக்கிக்கொள்ளவும் வழி சொன்னது. பழைய எண்கள் பழக்கப்பட்ட வார்ப்புகளைக் காட்டுபவை, உங்கள் நாயகன் அந்த வார்ப்பில் அடங்க வேண்டியதில்லை என்பது அதன் வாதம்.

ஐம்பதாண்டு பழைய வேலி

இதன் எடை புரிய வேண்டுமானால் பின்னோக்கிப் போக வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கே இருந்த கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு 1974-ல் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னக் கைநூல்கள். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். அடுத்த ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற முதல் விரிவாக்க நூல் வந்துவிட்டது. இன்று டி அண்ட் டி என்றதும் நினைவுக்கு வரும் பல விஷயங்கள் அந்த மூல நூலில் இல்லை. திருடன் என்ற பாத்திர வகையும் பாலடின் என்ற புனித வீரனும் இந்த விரிவாக்கத்தில் வந்தவர்கள். ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறுவதும் இதில் வந்ததுதான். இந்த விளையாட்டில் ‘கூடுதல்’ என்று வருவது சில வருடங்களில் ‘மூலம்’ ஆகிவிடும். டாஷா புத்தகத்தின் விருப்ப விதியைப் பார்த்துச் சிலர் பதறியதற்கும் இந்த வரலாறே காரணம்.

1978-ல் வந்த முதல் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ வேலிகளால் ஆனது. ட்வார்ஃப் என்ற இனத்தார் மந்திரவாதி ஆக முடியாது. பாதி ஓர்க்கும் ஆக முடியாது. அவன் எல்லை இல்லாமல் முன்னேறக்கூடிய ஒரே தொழில் கொலையாளித் தொழில். மற்றவற்றில் ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் ஏற விதி விடாது. பெண் பாத்திரங்களின் வலிமைக்குத் தனி உச்சவரம்பே இருந்தது. ஹாஃப்லிங் என்ற குள்ளர் இனத்தில் ஆணின் வலிமை 17 வரை போகலாம், பெண்ணுக்கு 14-தான். டிராகன் பறக்கும் உலகத்தில், கையசைத்தால் நெருப்பு மழை பொழியும் உலகத்தில், பெண்ணின் புஜத்துக்கு மட்டும் இயல்பு நிலை வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த அட்டவணையை இன்று பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பெண்களுக்கான வரம்பு 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது போயிற்று. எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம், எந்த உயரமும் போகலாம் என்பது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் நடந்தது. ஆனால் அதே பதிப்பு பாதி ஓர்க்குக்கு வலிமையில் 2 கொடுத்துவிட்டு அறிவில் 2, ஈர்ப்பில் 2 என்று பிடுங்கிக்கொண்டது. வேலியை எடுத்துவிட்டுச் சுங்கம் வைத்தது போன்ற ஏற்பாடு. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் அந்தக் கழித்தலும் போயிற்று. 2016-ல் வந்த ‘வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்’ என்ற விரிவாக்க நூலில் முழு ஓர்க்காக ஆட வழி வந்தது. அங்கே மறுபடியும் அறிவில் 2 குறைவு. ஒரு கற்பனை இனத்தின் மேல் ‘இவர்கள் மந்த புத்திக்காரர்கள்’ என்ற முத்திரை இவ்வளவு பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

2020 மே மாதம் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாயிட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். அமெரிக்கா கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே ஜூன் 17 அன்று, விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஓர்க்குகளையும், கருநிற எல்ஃப்களான ட்ரோ இனத்தையும் பிறவித் தீயவர்களாக எழுதிவந்தது நிஜ உலகில் சில இனத்தாரை இழிவுபடுத்தப் பயன்பட்ட வர்ணனைகளை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. பாத்திரத்தின் பிறப்பு எண்களை மாற்ற வழி செய்யும் நூல் ஒன்று அந்த ஆண்டே வரும் என்றும் சொன்னது. அந்த நூல்தான் டாஷா. அதே சமயத்தில் வந்த பிழைத்திருத்தத்தில் வோலோ நூலின் ஓர்க்குக்குப் பிடித்திருந்த 2 அறிவுப் புள்ளிகளும் திரும்பக் கிடைத்தன.

தத்துப் பெண்ணின் பெயரில்

டாஷா யார் என்பதையும் சொல்ல வேண்டும். ‘டாஷாவின் கோர நகைப்பு’ என்று எண்பதுகளிலிருந்து ஒரு மந்திரம் இந்த விளையாட்டில் உண்டு. பட்டவர்கள் தரையில் விழுந்து சிரித்துக்கொண்டே கிடப்பார்கள். தனக்கு கிரேயான் கலரால் கடிதம் எழுதிய ஒரு சிறுமியின் பெயரை மந்திரத்துக்கு வைத்ததாக கைகேக்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விளையாட்டின் புராணத்தில் டாஷா, ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளின் சூனியக் கிழவி பாபா யாகா எடுத்து வளர்த்த பெண். வளர்ந்து இக்வில்வ் என்ற மாபெரும் சூனிய அரசி ஆகிறாள். பிறப்பல்ல, வளர்ப்பும் படிப்பும் ஆக்கிய மந்திரவாதி. பிறப்புக் கணக்கைத் தளர்த்திய நூலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது. பக்க ஓரங்களில் அவள் கிறுக்கிவைத்த குறிப்புகள் என்று நையாண்டிக் குறிப்புகள் வேறு வருகின்றன. வறண்ட விதிகளுக்கு நடுவே அவை நல்ல துணை.

எதிர்ப்புகளில் இரண்டு வகை. எல்லா இனமும் ஒன்றுபோல ஆகிவிட்டால் எல்ஃப் எதற்கு, ட்வார்ஃப் எதற்கு என்பது ஒன்று. இதை நான் ஏற்கவில்லை. ட்வார்ஃபின் நஞ்சு தாங்கும் உடலையும், பாதி ஓர்க் செத்து விழப்போகும் கணத்தில் ஒருமுறை எழுந்து நிற்கும் வீம்பையும் யாரும் எடுத்துவிடவில்லை. அவை அப்படியே இருக்கின்றன. உடம்பு வேறுபடலாம். புத்தியின் அளவு இனத்துக்கு இனம் வேறுபடும் என்ற கணக்கைத்தான் எடுத்தார்கள். வித்தியாசமும் ஏற்றத்தாழ்வும் ஒன்றல்ல என்று அறிய டிராகன் உலகம் வரை போக வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு நியாயமானது. பிறப்புச் சலுகைகள் எல்லா இனத்துக்கும் சம எடையில் இருந்ததில்லை. மலை ட்வார்ஃப் இனத்துக்கு வலிமையில் 2, உடல்தாங்கு திறனில் 2 என இரண்டு பெரிய சலுகைகள். கூடவே கவசம் அணியும் பயிற்சியும் உண்டு. மந்திரவாதிக்கு வலிமை தேவைப்படாது என்பதால் அந்தத் தாராளம் யாரையும் உறுத்தவில்லை. டாஷா விதி வந்ததும் அந்த இரண்டு 2-களையும் அறிவுக்கும் உடல்தாங்கு திறனுக்கும் நகர்த்தி, இரும்புக் கவசம் மாட்டிய மந்திரவாதிகள் மேசைதோறும் முளைத்தார்கள். வேலியை எடுப்பவர்கள், அந்த வேலியை நம்பி எழுதிய மற்ற விதிகளையும் சரிபார்த்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்டின் குழு அந்த வேலையை அரைகுறையாகவே செய்தது.

அவசரத்தின் தடங்கள் வேறு இடத்திலும் தெரிகின்றன. அந்திப்பொழுதின் தெய்வத்தைத் தொழும் பூசாரி வகை ஒன்று இதில் வருகிறது. 30 அடி ஆரத்தில் மங்கல் ஒளி பரப்பி, ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்றுகள், தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் சுற்றுக்குச் சுற்று புதிதாக உயிர்ப்புள்ளிக் காப்பு போட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பூசாரி இருக்கும் குழுவை அச்சுறுத்த டி.எம். படும் பாட்டை ஆடியவர்கள் அறிவார்கள். பல குழுக்கள் இதைத் தங்கள் மேசையில் தடையே செய்துவிட்டன. செய்ததில் தப்பில்லை.

நான்காம் அத்தியாயத்தை ஆர்வம் குறைந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். போகக் கூடாது. ஆட்டம் தொடங்கும் முன்பு எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய ‘செஷன் ஸீரோ’ பற்றி அங்கே எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையில் எது வரலாம், எது வரவே கூடாது? குழந்தைகள் துன்பப்படும் காட்சி ஒருவருக்குத் தாங்காது, சிலந்தி என்றாலே ஒருவருக்கு நடுக்கம். அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. சின்னப் பத்திரிகைகளிலும் சுயாதீன விளையாட்டுகளிலும் பல ஆண்டுகளாக இருந்த பழக்கம்தான் இது. உலகத்தின் மிகப் பெரிய ரோல் பிளேயிங் விளையாட்டு அதை விதிப்புத்தகத்தில் அச்சிட்டபோது புதிதாக வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிய வழி பிறந்தது. கொரோனாவால் வீட்டில் அடைபட்டு, திரைவழியே முன்பின் தெரியாதவர்களோடு ஆடத் தொடங்கிய ஆண்டு அது. தேவையான நேரத்தில் வந்தது.

அரக்கர்களோடு பேச்சுவார்த்தை நடத்தும் விதியும் அதே அத்தியாயத்தில்தான். எந்த வகை ஜீவன் எதைக் கொடுத்தால் வாளை இறக்கும் என்று அட்டவணை. முன்னெல்லாம் குகைக்குள் கண்ணில் பட்டதைக் கொன்று புதையலை அள்ளுவதே ஆட்டம் என்றிருந்த இடத்தில், எதிராளிக்கும் ஒரு தேவை இருக்கும் என்று விதியே நினைவூட்டுகிறது. தனி ஒருவரோடு டி.எம். ஆட விரும்பினால், அப்பாவும் மகளும் மட்டும் ஆட விரும்பினால், கூடவே வரும் துணைப் பாத்திரத்தை நிலைக்கு நிலை வளர்க்கும் முறையும் இருக்கிறது. புத்தகத்தில் நான் அதிகம் மதிக்கும் பக்கங்களில் அவையும் உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கண்ணி

பிறப்பு எண் தளர்ந்ததோடு, யார் எழுதுகிறார்கள் என்பதும் மாறத் தொடங்கியது. 2022-ல் ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற சாகசத் தொகுப்பு வந்தது. எழுதியவர்கள் எல்லோரும் கறுப்பின, பழுப்பு நிற எழுத்தாளர்கள். வழிநடத்தியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில், ஒடுக்கப்பட்ட, ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியை நிர்வகிக்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். அவருடைய தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் நிறுவிய பள்ளி. பிறப்பு ஒரு குழந்தையின் எல்லையை எழுதிவிடக் கூடாது என்பதற்காக நடக்கும் பள்ளியிலிருந்து ஒருவர் இந்த விளையாட்டின் உலகத்தை எழுதப் போனது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. அதே தொகுப்பில் வங்க மண்ணை நினைவூட்டும் நாட்டில் நடக்கும் சாகசத்தை எழுதியவர் மிமி மொண்டல், கொல்கத்தாவிலிருந்து வந்த தலித் எழுத்தாளர்.

அதே 2022-ல் வந்த ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் த மல்டிவர்ஸ்’ நூல், டாஷாவின் விருப்ப விதியைத் தன் இனங்கள் அனைத்துக்கும் இயல்பு விதியாக்கியது. டிசம்பரில் ‘ரேஸ்’ என்ற சொல்லையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2024 செப்டம்பரில் வந்த புதிய ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கில் ஓர்க் முழு உரிமையோடு, மனிதருக்கும் எல்ஃபுக்கும் சமமாக, பத்து இனங்களில் ஒன்றாக நிற்கிறது. இனத்துக்கும் குண எண்ணுக்கும் இப்போது தொடர்பே இல்லை.

இங்கேதான் கதை இடறுகிறது. அந்த எண்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? பாத்திரம் சாகசத்துக்கு வருமுன் என்ன தொழில் செய்தது என்ற பின்னணியில். புத்தகத்தில் 16 பின்னணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று குணங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சலுகைப் புள்ளிகளை அந்த மூன்றுக்குள்தான் வைக்கலாம். அறிஞராக இருந்தவர் அறிவில் வைக்கலாம். பிரபுக்குலத்தாரும் அறிவில் வைக்கலாம். விவசாயியாக இருந்தவருக்கு ஒதுக்கியவை வலிமை, உடல்தாங்கு திறன், விவேகம். அறிவு இல்லை. ஏர் பிடித்துவிட்டு மந்திரம் கற்க வரும் ஒரு பெண், பிரபு வீட்டுப் பிள்ளையைவிட அதே ஒரு புள்ளி, அதே 5 சதவீதம், பின்னால் நிற்கிறாள். 2014-ல் பாதி ஓர்க் நின்ற இடத்தில் 2024-ல் விவசாயி நிற்கிறார்.

வாழ்ந்த வாழ்க்கை ஒருவரை வடிக்கிறது என்று சொல்வது, பிறந்த குலம் வடிக்கிறது என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். மறுக்கவில்லை. ஆனால் தொழிலுக்கு இவ்வளவுதான் புத்தி என்று அட்டவணை போடுவதும் அதே பழைய கை எழுதிய அட்டவணைதான். சொந்தப் பின்னணி உருவாக்கும் வழி அந்த ஆண்டு நவம்பரில் டன்ஜன் மாஸ்டருக்கான நூலில் வந்தது. அதாவது, டி.எம். வாங்கும் நூலில், டி.எம். அனுமதித்தால். முதல்முறை ஆட வரும் பிள்ளையின் கையில் இருக்கும் நூலில் வேலிதான் இருக்கிறது.

ஆகவே புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கும் டி.எம். ஆக உட்காரப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2024 புத்தகத்தையே வாங்குங்கள். எழுத்தும் ஒழுங்கும் முந்தையதைவிட நன்றாக இருக்கின்றன. அந்திப் பூசாரியை வேண்டாம் என்று ஒதுக்குங்கள். ஆனால் கேரக்டர் ஷீட் எழுதும் முதல் நாளில், டாஷாவின் அந்தப் பழைய விதியைப் பின்னணிகளுக்கும் பொருத்திவிடுங்கள்: 2-ஐயும் 1-ஐயும் யாரும் எதிலும் வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தனிப் புத்தகமோ, யாருடைய அனுமதியோ தேவையில்லை. மேசையில் ஒருமுறை சொன்னால் போதும்.